தொண்ணூறு தொட்டால் படுத்துவிடும்

நாள் 212. 05:45. வழக்கமான குறிப்பு.

காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். அறைச் சூடு 22. வெளியே இருட்டு. நிலாவின் இந்தக் குழிப் பக்கம் எப்போதும் இருட்டுதான், அதைத் தினமும் எழுத வேண்டுமா என்று பூமியில் இருக்கிற சண்முகக்கனியிடம் கேட்டேன். "எழுதும் அண்ணாச்சி, உம்ம பேனா என்ன தேயவா போகுது" என்றாள். எழுதியாயிற்று.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. என் பேர் உத்தண்டு. முள்ளக்காட்டு உப்பளத்தில் மோட்டார் பம்பு பார்த்தவன். ஐந்தாம் வகுப்போடு சரி. நிலாவுக்கு எதற்கு உப்பளத்து ஆள் என்று கேட்டால், இங்கே ஐஸ் உருக்கி இறைக்கிற பம்பு வாரம் ஒருமுறை அடைக்கும். படித்த ஆட்கள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். நான் வந்து வால்வைத் திருப்பிப் போட்டேன், ஓடியது. அன்றிலிருந்து இருக்கிறேன்.

நிலையத்தில் மொத்தம் மூன்று பேர். வண்டி ஓட்டுகிற தங்கபுஷ்பம், சாத்தான்குளத்துக்காரி. ஊரில் லாரி ஓட்டியவள். ஐஸ் ஆராய்ச்சி செய்கிற ரெக்ஸ்லின், மார்த்தாண்டத்துக்காரர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இருவரும் நேற்று வண்டியில் குழிக்குள் போனார்கள். இன்று திரும்பி வரும் நாள்.

முந்தாநாள் ஆயுத பூஜை. எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைத்தோம். பொட்டுக்கு அனுமதி உண்டு.

நாள் 212. 06:25.

ரௌட்டர் பெட்டி படுத்துவிட்டது.

படிப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டி போகிற பாதையில் இருபத்திரண்டு கம்பம் நட்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பமும் வண்டியோடு பேசி, இப்படித் திரும்பு, அங்கே வெடிப்பு, விலகு என்று சொல்லும். எல்லாக் கம்பத்தின் பேச்சும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. வண்டியோடு நான் பேசுவதும் இதன் வழியாகத்தான். பெட்டி படுத்தால் கம்பம் ஊமை. கம்பம் ஊமையானால் வண்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும். போன வருஷம் நிற்காத வண்டி இன்னும் வெடிப்புக்குள் கிடக்கிறது.

அவர்கள் இப்போது கடைசிக் கம்பத்தில், இருபத்திரண்டில். கம்பத்துக்குக் கம்பம் கால்மணி நேரம். மொத்தம் ஐந்தரை மணி நேர ஓட்டம். வண்டிக் காற்று, உடுப்பில் இருப்பதையும் சேர்த்து, மாலை 17:30 வரை. அப்படியென்றால் மதியம் பன்னிரண்டுக்குள் பெட்டி எழுந்தாக வேண்டும்.

பூமி ரேடியோ தனி, அது வேலை செய்கிறது. ஆனால் பூமி 10:50க்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். இறங்கினால் பதினாலு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

நாள் 212. 07:10.

சண்முகக்கனி லைனில் வந்தாள். தூத்துக்குடிப் பிள்ளை. பெட்டி வைத்தியம் முழுக்க அவள் பொறுப்பு. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, டிராயர்ல நீல ஒயர் கெடக்கும். பெட்டி முதுகுல தனியா ஒரு ஓட்டை இருக்கும் பாரும், அதுல சொருவும். ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"ஒரு அம்புக்குறி நிக்குது தாயி. பக்கத்துல ஒண்ணுன்னு நம்பர். முழிச்சு முழிச்சுப் பாக்குது."

"அதான் பூட் மானிட்டர். பெரிய புரோகிராம் எந்திரிக்க மாட்டேங்குது. சின்னது மட்டும் முழிச்சுக்கிட்டு, என்ன செய்யட்டும்னு கேக்குது. நல்லதாப் போச்சு. செத்த பெட்டின்னா கேள்வி கேக்காது."

எனக்கு இந்தச் சின்னதைப் பிடித்துவிட்டது. கல்யாண வீட்டில் எல்லாரும் அசந்து கிடக்கும்போது ஒருத்தன் மட்டும் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து, என்ன வேணும் என்று கேட்பானே, அவனைப் போல. அவள் எழுத்தைச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். என்னென்ன அட்டை சொருகியிருக்கிறது என்று காட்டியது. எல்லாம் இருக்கிறது. மெமரி முழுசாக இருக்கிறது. சூடு 61. அப்போதுதான் மின்சாரம் கொடுத்தது, அதனால் சரி என்றாள்.

"விசிறி சுத்துதா அண்ணாச்சி?"

"சுத்துது தாயி."

விசிறி சுற்றுகிறது.

பெரிய புரோகிராமை எழுப்பச் சொன்னாள். புள்ளி புள்ளியாக வந்தது. பாதியில் நின்று மறுபடி அம்புக்குறி. இப்போது பக்கத்தில் நம்பர் ஒன்பது, எத்தனை தடவை தட்டினேன் என்று எண்ணுகிறதாம்.

நாள் 212. 08:30.

மெமரிச் சோதனை. மூன்று முறை ஓட்டினோம். முதல் முறை தேறியது. இரண்டாம் முறை ஓரிடத்தில் தப்பு. மூன்றாம் முறை வேறோர் இடத்தில் தப்பு.

"இது என்ன எளவு, ஒரே எடத்துல நிக்க மாட்டேங்குது. மெமரி அட்டை ரெண்டையும் கழட்டி மாத்திச் சொருவும். தப்பு அட்டைகூடப் போகுதா, எடத்துலயே நிக்குதான்னு பாப்போம்."

இந்த வித்தை எனக்குத் தெரியும். உப்பளத்தில் இரண்டு பம்பில் ஒன்று முக்கினால், இதன் கண்டன்சரை அதில் மாட்டிப் பார்ப்போம். நோய் கூடவே போனால் கண்டன்சர், போகாவிட்டால் மோட்டார். சண்முகக்கனியிடம் சொன்னேன். "பெறவு எதுக்குவேய் நான், நீரே பாத்துக்கிடும்" என்று சிரித்தாள்.

அணைத்து, கழற்றி, துடைத்து, மாற்றிச் சொருகினேன். சோதனை தேறியது. இருவரும் கத்தினோம். பெரிய புரோகிராம் எழுந்தே விட்டது. ஒரு நிமிஷம் தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது. "ஏ அண்ணாச்சி, அங்கன என்னவேய் கூத்து, ரெண்டு மணி நேரமாக் குத்த வச்சுக்..."

படுத்துவிட்டது.

நாள் 212. 09:40.

இரண்டாம் அட்டையை மட்டும் வைத்துப் பார்த்தோம். முதல் அட்டையை மட்டும் வைத்தும் பார்த்தோம். அணைத்து எடுத்து மாட்டினால் பத்து நிமிஷம் நன்றாக இருக்கிறது. பிறகு படுக்கிறது. சண்முகக்கனி பேச்சில் சிரிப்பு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று கசமுச என்று பேசுகிறார்கள்.

அறையில் ஏதோ வாடை.

நாள் 212. 10:31.

காலையில் எழுதியதில் ஒரு வரி பொய். விசிறி சுற்றவில்லை.

ஆயுத பூஜையில் பொட்டு மட்டும் வைக்கவில்லை. தங்கபுஷ்பம் தனக்கென்று கொடுத்த எடையில் சோப்பு, சீப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருநூறு கிராம் பொரியும் ஒரு கட்டி வெல்லமும் கொண்டுவந்திருந்தாள். எந்திர அறைக்குள் தின்கிற பொருள் கூடாது. கண்டுபிடித்தால் கொண்டுவந்தவளையும் வைத்தவனையும் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பொரியில் வெல்லத்தைத் தட்டிக் கலந்து, இந்தப் பெட்டியின் தலையில்தான் தட்டை வைத்தேன். இதுதானே எங்களோடு ஓயாமல் பேசுகிற எந்திரம், இதற்குத்தான் முதல் மரியாதை என்று. இங்கே பொரிக்கு எடை ஏது? விசிறி இழுத்த இழுப்பில் நாலு பொரி உள்ளே போயிருக்கிறது. இரண்டு நாளாக விசிறித் தண்டில் வெல்லம் இளகி இறுகியிருக்கிறது.

காலை 06:30க்கே கம்பி வலைக்குப் பின்னால் ஒரு பொரியைப் பார்த்தேன். விசிறி சுற்றாமல் உம்மென்று முனகிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் சுற்றுகிறது என்றேன். சண்முகக்கனி வேறு வழியில் சரிசெய்துவிடுவாள், பிறகு நானே பொரியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாடை விசிறி மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்த வாடை. முப்பது வருஷம் மோட்டாரோடு கிடந்தவன் நான். தூக்கத்தில் வந்தாலும் அந்த வாடை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏதோ வாடை என்று எழுதினேன்.

10:22க்கு அவளிடம் சொன்னேன்.  

"எந்நேரம் பாத்தீரு?"

"ஆறரைக்கு."

"ஆறரைக்குச் சொல்லியிருந்தா, ஈரத்துணியால தொடச்சுவிட்டு ஏழு மணிக்கு அவங்க கிளம்பியிருப்பாங்க. நான் அட்டை அட்டையாக் கழட்டச் சொல்லிக்கிட்டு... நாலு மணி நேரம், அண்ணாச்சி."

"ஆமா தாயி."

"சரி. அழுறதுக்கு இருபத்தெட்டு நிமிஷம்தான் இருக்கு, அதை விடும். மானிட்டர்ல சூடு என்ன காட்டுது?"

"எண்பத்தி ஏழு."

"தொண்ணூறு தொட்டா அதுவாப் படுத்துரும். சூட்டுல மெமரி உளறியிருக்கு, அவ்வளவுதான். பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. விசிறியைச் சுத்திவிட்டுப் பாரும்."

வெல்லத்தைச் சுரண்டினேன். கையால் சுழற்றினால் சுற்றுகிறது. மின்சாரத்துக்கு அசையவில்லை. எரிந்துபோனது எரிந்ததுதான்.

நாள் 212. 10:50.

மாற்று விசிறி வெளிக் கிடங்கில் இருக்கிறது. வெளியே போக உடுப்பு மாட்ட வேண்டும். உடுப்பின் முதுகுப் பூட்டை இன்னொருவர்தான் போட முடியும். இந்த அறைக்குக் காற்று தரையில் உள்ள பொட்டு ஓட்டைகள் வழியாக வருகிறது, ஊதுவது போலக்கூட இருக்காது. நிலாவில் சூடு தானாக மேலே கிளம்பவும் சோம்பல்படும். பெட்டியைச் சுற்றியே போர்த்திக்கொண்டு நிற்கும்.

அவள் கடைசியாகச் சொன்னது: "மூடியைக் கழட்டிட்டு வீசும். கையால வீசும். அறுபதுக்கு வந்ததும் எழுப்பும். அரை மணிக்கு ஒருக்க சூட்டை எழுதி வையும், கூடுதா குறையுதான்னு உமக்கே தெரியும். கதை எழுதாதியும், அண்ணா..."

பூமி இறங்கிவிட்டது.

நாள் 212. 11:42. சூடு 64.

அரிசிப் பெட்டி மூடியால் வீசினேன். அம்புக்குறியில் நானே எழுத்தைத் தட்டினேன். எழுந்துவிட்டது. கம்பம் இருபத்திரண்டும் பேசுகின்றன.

"ஏ அண்ணாச்சி! செத்துட்டீரோன்னு நினைச்சோம்லா."

"கிளம்பு தங்கம். எதுவும் கேக்காத. கிளம்பு."

17:12க்கு வந்துவிடுவார்கள். பதினெட்டு நிமிஷம் மிச்சம்.

நாள் 212. 12:15. சூடு 72.

இருபதாம் கம்பம். அறை ஹீட்டரை அணைத்துவிட்டேன். அறை குளிர்ந்தால் பெட்டி குளிரும். வலது கையால் வீசி, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. மன்னிக்கவும்.

நாள் 212. 12:50. சூடு 70. அறை 14.

"என்னவேய் இப்படி மூச்சு வாங்குதீரு? தனியா ஓட்டப்பந்தயமா?"

"பெட்டிக்கு விசிறி போச்சு தங்கம். கையால வீசுதேன்."

"வீட்டுல அக்காவுக்கு ஒரு நாளு வீசியிருப்பீரா? பெட்டிக்கு வந்த யோகத்தப் பாரும்."

ரெக்ஸ்லின் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன்.

நாள் 212. 13:36. சூடு 68. அறை 11.

நன்றாக இறங்குகிறது. பதினைந்தாம் கம்பத்தைத் தாண்டிவிட்டார்கள். மனசு லேசாக இருப்பதால் ஒன்று சொல்கிறேன். உப்பளத்தில் ஒரு பழைய பம்பு இருந்தது, அதற்குக் கிழவி என்று பேர். சித்திரை வெயிலில் அதுவும் இப்படித்தான், சூடு ஏறினால் படுத்துக்கொள்ளும். நானும் என் மச்சினன் கொம்பையாவும் ஈரச் சாக்கைப் போர்த்தி இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வோம். கொம்பையாவுக்கு ஒரு பழக்கம், சாக்கு நனைக்கிற தண்ணீரிலேயே தன் தலையையும் நனைத்துக்கொள்வான். அது உப்புத் தண்ணீர் என்பது அவனுக்குத் தெரியும். காய்ந்ததும் தலை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படியே ஒரு நாள் பெண் பார்க்கப் போயிருக்கிறான். அந்த வீட்டில் பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து, மாப்பிள்ளையோட அப்பா வந்திருக்காரு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்க, கொம்பையா

படுத்துவிட்டது. 90.

நாள் 212. 14:06. சூடு 66.

எழுப்பிவிட்டேன். பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் வண்டி இருட்டில் நின்றது. எழுதுகிற சுவாரஸ்யத்தில் கை வீசுவதை விட்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஊரில் சொல்வார்கள், உத்தண்டைக் கதை சொல்ல விட்டால் சோறு குழைந்துவிடும் என்று. இனிக் கதை கிடையாது. மிச்சம் ஆறு நிமிஷம்.

நாள் 212. 14:40. சூடு 71. அறை 7.

பதினோராம் கம்பம். ரெக்ஸ்லினுக்குத் தலைவலி.

நாள் 212. 15:15. சூடு 73.

தங்கபுஷ்பத்திடம் சொல்லிவிட்டேன். அவள் வந்து சேர்ந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். "பொரி மிச்சம் வச்சிருக்கீராவேய், வயிறு பசிக்கு" என்று கேட்டுவிட்டாள். பிறகு மறைக்க முடியவில்லை.



"எனக்காவ மறைச்சீராக்கும்?"

"உன்னையும் சேத்து அனுப்பிருவாங்கன்னு..."

"ஊருக்குத்தானவேய் அனுப்புவாங்க! என்ன ஒரு வார்த்தை கேட்டுல்லா மறைச்சிருக்கணும். அனுப்பட்டும்னு சொல்லியிருப்பேன்லா."

மூடியை இன்னும் வேகமாக வீசினேன்.

"சரி, வீசும். நான் வந்து உம்ம வாயில அந்த மிச்சப் பொரியத் திணிக்கேன் பாரும்."

நாள் 212. 15:50. சூடு 79.

தோள் இழுக்கிறது. இடது கைக்கு மாற்றினால் வேகம் இல்லை.

நாள் 212. 16:24. சூடு 69.

16:07க்குத் தோள் பூட்டிக்கொண்டது. மூடி கையைவிட்டுப் போய்விட்டது. இங்கே விழுகிற பொருளும் மெதுவாகத்தான் விழும். அது விழுந்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். 90. மறுபடி அம்புக்குறி. மறுபடி பன்னிரண்டு நிமிஷம்.

பதினெட்டில் இருபத்து நாலு போய்விட்டது. இப்போது அவர்கள் வருவது 17:36. காற்று 17:30. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் ஆறு நிமிஷம் குறைகிறது.

இடைக்கதவைத் திறந்துவிட்டேன். அடுத்தது ரெக்ஸ்லினின் ஐஸ் துண்டுகள் வைக்கிற உறைகுளிர் அறை. கதவைத் திறந்தால் இந்த அறைத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். வெடிக்கட்டும். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். தண்ணீருக்குப் பயந்தேன்.

நாள் 212. 16:50. சூடு 60. அறை -4.

மூன்றாம் கம்பத்தை நெருங்குகிறார்கள். தங்கத்திடம் ஆறு நிமிஷத்தைச் சொன்னேன்.

"ஆறு நிமிஷமா? எங்க ஊருக் குளத்துல அதுக்கு மேல முங்கிக் கெடந்திருக்கேன்."

பொய். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

நாள் 212. 17:22. சூடு 51. அறை -15.

"ஒண்ணாங் கம்பம் தாண்டிட்டோம். உம்ம சன்னல் வெளிச்சம் தெரியுதுவேய்."

"ரெக்ஸ்லின்?"

"தூங்கிட்டாரு. தட்டுனா முனகுதாரு. எனக்கும் கண்ணு... பேச்சுக் குடும் அண்ணாச்சி. அந்தக் கொம்பையாவுக்குப் பொண்ணு குடுத்தாங்களா இல்லியா?"

இந்தக் கதையை எத்தனையோ முறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். முடிவு அவளுக்குத் தெரியும். முதலிலிருந்து சொன்னேன். வீசிக்கொண்டே சொன்னேன்.

நாள் 212. 17:33. சூடு 46.

சன்னலில் வண்டி விளக்கு. அசைகிறது. வருகிறது. கதை இன்னும் முடியவில்லை, சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் உம் கொட்டுவது நின்றுவிட்டது. விளக்கு வருகிறது.

நாள் 212. 17:41. சூடு 43.

விளக்கு நிற்கிறது. நூறு அடி. நூற்றிருபது இருக்கலாம்.

தங்கம் என்று கூப்பிட்டேன். ரெக்ஸ்லின் என்றும் கூப்பிட்டேன். வண்டி எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. லைன் நன்றாக இருக்கிறது.

உடுப்பை எடுத்தேன். முதுகுப் பூட்டு எட்டவில்லை. சுவரில் தேய்த்துப் பார்த்தேன். கதவில் இடித்துப் பார்த்தேன்.

நாள் 212. 18:20. சூடு 31. அறை -22.

கொம்பையாவுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பெட்டிக்கு இனி வீசத் தேவையில்லை, கைதான் நிற்கவில்லை. ஐஸ் போல இருக்கிறது. தங்கம் கண் திறந்தால் கம்பம் பேச வேண்டும், அதனால் இடைக்கதவை மூடவில்லை. இருபத்திரண்டு கம்பமும் நன்றாகப் பேசுகின்றன. நேராக வா, நேராக வா என்று ஒன்றாம் கம்பம் வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

விரல் மடங்கவில்லை. இதற்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், வந்து பார்ப்பவர் பயப்பட வேண்டாம்.

வீசிக்கொண்டிருக்கி